படம் ஏன் நன்றாக வரவில்லை? வெளிச்சம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், காதுகுத்து, நாட்டிய அரங்கேற்றம் என்று பல வருடங்களாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் ஃபோனை நீட்டி, "இது ஏன் இப்படி வந்திருக்கு?" என்று கேட்பது வழக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். ஃபோனில் எடுப்பவருக்கும் கேமராவில் எடுப்பவருக்கும் பெரும்பாலானவை பொதுவானவை.

எந்த ஃபோன் வாங்கினால் படம் நன்றாக வரும்?

கையில் இருக்கும் ஃபோனின் லென்ஸைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. சட்டைப் பையில் கிடக்கும் ஃபோன் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். விளக்கு தெரியும் இரவுப் படங்களில் ஒளி கோடு இழுத்த மாதிரி சிதறுவது பெரும்பாலும் இதனால்தான். துவைத்துப் பழகிய மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே ஆளை ஒரே ஃபோனில் இரண்டு இடத்தில் எடுங்கள். ஒன்று டியூப்லைட்டுக்கு நேர் கீழே, இன்னொன்று பகலில் ஜன்னல் ஓரத்தில், டியூப்லைட்டை அணைத்துவிட்டு. இரண்டு படங்களுக்கும் இருக்கிற வித்தியாசம், பதினைந்தாயிரம் ரூபாய் ஃபோனுக்கும் எண்பதாயிரம் ரூபாய் ஃபோனுக்கும் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். ஃபோன் வாங்குவது அப்புறம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கையை முஷ்டியாக மடக்கி முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். அதைப் பார்த்தபடியே நின்ற இடத்தில் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். விரல் மடிப்புகளுக்கு இடையே நிழல் எப்படி நகர்கிறது, எந்தப் பக்கம் திரும்பும்போது மேடு பள்ளம் அழகாகத் தெரிகிறது என்று கவனியுங்கள். உங்கள் கைக்கு நடப்பதுதான் அந்த இடத்தில் நிற்கப்போகிறவரின் முகத்துக்கும் நடக்கும். கல்யாண மண்டபத்துக்குப் போனதும் நான் செய்கிற முதல் வேலை இதுதான். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

சில படங்களில் நிழல் கத்தி வெட்டின மாதிரி விழுகிறது, சிலவற்றில் மென்மையாக இருக்கிறது. ஏன்?

வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது அது. சூரியன் பிரம்மாண்டம்தான், ஆனால் நம்மிடமிருந்து பார்த்தால் அரை டிகிரி அகலமுள்ள ஒரு புள்ளி. அதனால் உச்சி வெயிலின் நிழலுக்குக் கூரான விளிம்பு. அதே சூரியனை மேகம் மூடினால் வானம் முழுக்கவே விளக்காகிவிடுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வருவதால் நிழல் கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் எடுத்த முகங்கள் ஏன் நன்றாக இருக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம். மழை நாளில் கேமராவை உள்ளே வைத்துவிடுகிறவர்கள் நல்ல வெளிச்சத்தை இழக்கிறார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயம் தூரம். ஜன்னல் அதே ஜன்னல்தான். அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் பெரிய விளக்கு, அறையின் மறு கோடியில் உட்கார்ந்தால் சின்ன விளக்கு. ஆகவே நல்ல ஜன்னல் கிடைத்தால் ஆளை அதற்கு நெருக்கமாகக் கொண்டுபோங்கள். நேர் வெயில் உள்ளே அடித்தால் வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் குறுக்கே தொங்கவிடுங்கள். வேட்டி முழுவதும் விளக்காக மாறும்.

முகத்தின் மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருக்கிறதா? அந்தப் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சினிமாப் படப்பிடிப்பில் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். அட்டை முகத்துக்கு நெருங்க நெருங்க நிழல் வெளுக்கும். முழுவதும் வெளுக்க வைக்காதீர்கள். ஒரு பக்கம் கொஞ்சம் இருட்டு இருந்தால்தான் மூக்கு மூக்காகத் தெரியும்.

மதியம் 12 மணிக்குத்தான் எல்லோரும் கூடுகிறார்கள். வெயிலில் எடுத்தே ஆகவேண்டும். என்ன செய்வது?

நம் ஊரில் இது பெரிய சிக்கல்தான். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அப்படி. இந்த மாதங்களில் நெற்றியின் நிழல் கண்குழிக்குள் விழுந்து, கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் தெரியும்.

ஆளை நிழலுக்குக் கொண்டுபோங்கள், ஆனால் நிழலின் நடுவுக்கு வேண்டாம். ஓரத்துக்கு. திண்ணையின் விளிம்பு, வாசற்படி, ஓலைப் பந்தலின் முகப்பு போன்ற இடங்களில் வெளியே பார்த்தபடி நிற்க வைத்தால், வெயில் பட்ட தரையிலிருந்து எழும் வெளிச்சம் முகத்தில் கீழிருந்தும் முன்னாலிருந்தும் படும். வெளிர் நிறத் தரையாக இருந்தால் இன்னும் நல்லது. மரத்தடியை நான் கடைசியாகத்தான் தேர்ந்தெடுப்பேன். இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழும், பச்சைச் சாயலும் ஏறும். சிவப்பு, நீலத் துணி போட்ட சாமியானாவும் அப்படியே. எல்லோரும் அந்த நிறத்துக்கு மாறிவிடுவார்கள், பின்னால் திருத்துவது பெரும்பாடு.

நிழலே கிடைக்காத வெட்டவெளி என்றால் வெயில் முதுகில் படும்படி திருப்பி நிறுத்துங்கள். கண் கூசாது. ஃபோனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பின்னணி வெளுத்துப் போகும், போகட்டும்.

காலை, மாலை பொன் வெயில் நம் ஊரில் எவ்வளவு நேரம் இருக்கும்?

குறைவு. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். வட ஐரோப்பாவில் சூரியன் சாய்வாக, சோம்பலாக இறங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும்வரைதான் பொன் வெயில், அந்த 6 டிகிரியை ஏறவோ இறங்கவோ 25 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். உடை மாற்றுவது, பூ வைப்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் தயாராக நில்லுங்கள். மெரினாவில் கடலோடு சேர்ந்த பொன் வெயில் காலையில்தான். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும்.

மாமல்லபுரத்தில் எடுத்த சிற்பங்கள் தட்டையாகத் தெரிகின்றன. ஏன்?

போன நேரம் தவறு. சிற்பத்துக்கு மேடு பள்ளம்தான் உயிர், அதைக் காட்டுவது சாய்ந்து உரசிச் செல்லும் வெளிச்சம். அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரிய பாறைப் புடைப்புச் சிற்பம் கிழக்கு பார்த்தது. விடிந்ததும் போனால் வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாவற்றையும் சமமாக நிரப்பிவிடும். நிறம் அழகாக இருக்கும், ஆழம் இருக்காது. பத்து, பதினோரு மணி வாக்கில் சூரியன் மேலே ஏறி மேலிருந்து உரசும்போது யானையின் வயிறும் நாகர்களின் உடலும் பாறையிலிருந்து வெளியே வருகிற மாதிரி தெரியும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உங்கள் இடப்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சாய்வு கிடைக்கும். பிற்பகலில் அது நிழலுக்குள் போய்விடும். அப்போது எடுத்தால் சாம்பல் நிறப் பாறைதான்.

எந்தக் கட்டடமானாலும் எந்தத் திசை பார்த்தது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் போட்ட கோலத்துக்கும் இதே கணக்கு. காலை வெயில் தரையோடு தரையாக வரும்போது குனிந்து எடுத்தால் மாவின் இழை எழும்பித் தெரியும்.

வெள்ளை வேட்டி ஏன் படத்தில் சாம்பலாகிறது?

கேமராவுக்கு வேட்டி தெரியாது. முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அதற்கேற்ப வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை நிறைந்த காட்சியைக் கண்டால் "அதிக வெளிச்சம்" என்று குறைத்துவிடும். கறுப்பைக் கண்டால் கூட்டிவிடும். அதனால் வேட்டியும் வெள்ளைச் சுவரும் சாம்பலாகும், கருங்கல் சிலையும் சாம்பலாகும். வெள்ளை நிறைந்திருந்தால் எக்ஸ்போஷரை (படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்ற அமைப்பு) +1 பக்கம் தள்ளுங்கள், கறுப்பு நிறைந்திருந்தால் -1 பக்கம். நாட்டிய மேடையின் கறுப்புத் திரைக்கு முன் ஆடுபவரின் முகம் வெளுத்துப் போவதும் இதனால்தான். ஃபோனில் முகத்தைத் தொட்டதும் பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் இதே வேலை நடக்கும்.

எங்கள் நிறம் கறுப்பு. படத்தில் ஒன்று முகமே தெரிவதில்லை, இல்லை சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது.

முதலில் ஃபோனின் 'பியூட்டி' அமைப்பை முழுவதுமாக அணையுங்கள். பல ஃபோன்களில் கேட்காமலேயே கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும். தோலை வழித்து, நிறத்தை வெளுக்க வைப்பதை அழகு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆல்பத்தில் மணப்பெண்ணை நான்கு படி வெளுக்க வைக்கிற பழக்கமும் இதன் அண்ணன்தான். அதை நான் செய்வதில்லை, கேட்டாலும் மறுத்துவிடுவேன்.

கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. நேராக அடிக்கும் ஃபிளாஷில் அது தெரியாது. பெரிய ஜன்னல் போன்ற மென்மையான வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். கன்னத்திலும் நெற்றியிலும் ஓர் ஒளிக்கோடு விழும், முகத்தின் அமைப்பு தானாக எழும். பின்னணியில் வெள்ளைச் சுவரோ பளிச்சென்ற வானமோ வேண்டாம். கேமரா அதை அளந்து முகத்தை இருட்டாக்கும். செங்கல், மரக்கதவு, பச்சை வயல், மங்கிய மஞ்சள் சுவர் எல்லாம் அருமையாகப் பொருந்தும்.

வீட்டுக்குள் எடுத்தால் பாதி முகம் மஞ்சள், பாதி நீலம். ஏன்?

இரண்டு வகை வெளிச்சம் கலந்துவிட்டது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள்: பழைய மஞ்சள் குண்டு பல்பு 2700 கெல்வின் அளவில், நம் வீட்டு வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500, நண்பகல் வெயில் 5500 வாக்கில். எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம். கேமரா ஏதாவது ஒன்றுக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியும். தீர்வு எளிது: ஒன்றை அணையுங்கள். பகலில் ஜன்னல் போதுமென்றால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். "இருட்டா இருக்கே" என்று வீட்டில் சத்தம் போடுவார்கள், படத்தைக் காட்டியதும் அடங்கிவிடுவார்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ எடுத்தால் கறுப்புப் பட்டை ஓடுகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, நொடியில் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பட்டை மறையும். கேமரா அமைப்பில் 50, 60 என்று தேர்வு இருந்தால் 50. மண்டபத்து எல்இடி திரைக்கும் மேடையில் அடிக்கும் கலர் பார்கேன் விளக்குகளுக்கும் இந்தக் கணக்கு எப்போதும் பொருந்தாது. ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷ் போடலாமா?

போடலாம், நேராக முகத்தில் அடிக்காமல். நேர் ஃபிளாஷில் பட்டுச் சேலையின் சரிகை வெள்ளைக் கோடாகும், நெற்றி வியர்வை கண்ணாடியாகும், பின்னால் இருக்கும் மண்டபம் காணாமல் போகும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்பது இயற்பியல். 2 மீட்டரில் நிற்கும் மணப்பெண்ணுக்குச் சரியாக இருக்கும் ஃபிளாஷ், 4 மீட்டரில் நிற்கும் மாமாவுக்குக் கால்வாசிதான் போய்ச்சேரும். பின்வரிசைச் சொந்தங்கள் ஏன் எப்போதும் இருட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு விடை இதுதான். உறவில் தகராறு ஒன்றுமில்லை.

தனி ஃபிளாஷ் இருந்தால் தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ அடித்துத் திரும்ப வரச் செய்யுங்கள். கூரைக்கு ரோஸ் பெயின்ட் அடித்திருந்தால் இதை மறந்துவிடுங்கள். ஹோமப் புகையை அழகாகக் காட்ட வேண்டுமென்றால் ஃபிளாஷே வேண்டாம். புகைக்குப் பின்னால் விளக்கு அல்லது வாசல் வெளிச்சம் இருக்கும்படி நீங்கள் இடம் மாறி நில்லுங்கள். புகை, ஆவி, மழைத்துளி மூன்றுமே பின் வெளிச்சத்தில்தான் ஒளிரும்.

தாலி கட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும், கைகள் குறுக்கே வரும். ஷட்டர் 1/250-க்குக் கீழே இறங்காமல், தொடர்ச்சியாக எடுங்கள். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 போனாலும் பரவாயில்லை. கொஞ்சம் புள்ளி தெரியும் கூர்மையான படத்தை மன்னிப்பார்கள், கலங்கிய தாலியை ஒருநாளும் மன்னிக்க மாட்டார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

குரூப் ஃபோட்டோவில் எப்போதும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் கணக்கே போட்டிருக்கிறார்கள். அந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் அதற்காக 2006-இல் வேடிக்கையான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் தலை எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு நான்கு அல்லது ஆறு. நம் வீட்டுக் கூட்டம் அறுபதைத் தாண்டினால் இந்த விதி கை கொடுக்காது. அப்போது "எல்லோரும் கண்ணை மூடுங்க, மூணு சொன்னதும் திறங்க" என்பதுதான் என் வழி. இரண்டு மூன்று வரிசை என்றால் லென்ஸின் துளையை எஃப் 8 என்று சிறிதாக வைத்தால் பின்வரிசையும் கூர்மையாக வரும்.

செல்ஃபியில் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

கிட்டப் போனதால். முகத்துக்கு ஓரடி தூரத்தில் மூக்கு காதைவிட ரொம்பவே நெருக்கம். ஐந்தாறு அடி தள்ளி நின்று, ஃபோனில் ஜூமை 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

கார்த்திகை விளக்கு வரிசையை எடுத்தால் வெறும் இருட்டும் மஞ்சள் புள்ளிகளும்தான்.

நன்றாக இருட்டிய பிறகு எடுத்திருப்பீர்கள். சூரியன் மறைந்து பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குள் வானம் கருநீலமாக இருக்கும்போது எடுங்கள். அந்த நீலமும் அகலின் மஞ்சளும் சேர்ந்தால்தான் படம். ஆகவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றச் சொல்லி வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஃபிளாஷ் கூடாது. ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கேமரா சரிசெய்துகொள்ளும் அமைப்பு) 'டேலைட்' என்று நிறுத்துங்கள், தானியங்கியில் விட்டால் சுடரின் மஞ்சளைக் கழுவிவிடும். விளக்கேற்றும் முகத்தை எடுப்பதானால் முகத்தைச் சுடருக்கு நெருக்கமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு.

கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலா எப்படி எடுக்கிறார்கள்?

தள்ளி நின்று. ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் நிலா சுமார் 9 மீட்டர் அகலப் பொருளை மறைக்கும். கோபுர உச்சியும் கலசங்களும் அதற்குள் அடங்கலாம். கோபுரத்தடியில் நின்றால் நிலா கலசத்துக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரிதான். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் வேண்டும். 200 மி.மீ. லென்ஸில்கூட சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) விழும் நிலாவின் அளவு 2 மி.மீ.க்கும் குறைவு. முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 1/100 என்று தொடங்குங்கள், அது வெயில் பட்ட பாறை என்பதை மறக்காமல். பௌர்ணமிக்கு முந்தைய மாலை இன்னும் நல்லது. நிலா எழும்போது வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும், கோபுரமும் தெரியும்.

கோயிலுக்குள் எடுக்கலாமா?

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. ஆகவே வாசலிலேயே கேட்டுவிடுங்கள். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். ட்ரைபாட் இல்லாத இடத்தில் தூணில் தோளைச் சாய்த்து, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டபின் அழுத்துங்கள். ஷட்டர் வேகம் லென்ஸ் நீளத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி: 50 மி.மீ. என்றால் 1/50, 200 மி.மீ. என்றால் 1/200.

வாழையிலைச் சாப்பாட்டை எப்படி எடுப்பது?

நேர் மேலிருந்து. இலை ஒரு வரைபடம், எது எங்கே பரிமாறப்பட்டது என்பதே அதன் அழகு. பிரியாணி, இட்லி போல உயரம் உள்ளவற்றைச் சாய்வாகப் பாருங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரட்டும். நெய் விடும் முன் ஒன்று, விட்ட பின் ஒன்று எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள், ஆறிவிடும்.

லென்ஸில் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது.

பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் பீரோவுக்குள் தோல் பையில் மூடிவைத்தால் வந்தே தீரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது, சின்ன அளவுமானி ஒன்றை உள்ளே போட்டுவிடலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் மிச்சம். ஏசி காரிலிருந்து கடற்கரையில் இறங்கியதும் லென்ஸில் பனி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருங்கள்.

அனுப்பிய படம் அவர்களிடம் மங்கலாகப் போய்ச்சேருகிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்படியே போகும். அச்சுக்குப் பெரிய கணக்கெல்லாம் தேவையில்லை. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளிகள் போதும், அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் கூடுதல். பத்து வருடத்துக்கு முந்தைய ஃபோன் படத்தையும் தாராளமாக அச்சிடலாம். பாட்டி இருக்கும் படங்களை முதலில் அச்சிடுங்கள்.